சில்லுமேடு

பிப்ரவரி 3, திங்கள்

டாக்டர் ஞானசிகாமணி ஒரு மோசடிக்காரர். இதைக் கோபத்தில் எழுதவில்லை. ஆதாரம் என் மடிக்கணினியில் இருக்கிறது. 'மாதிரிக்கு வைத்துக்கொள்ளுங்கள் தம்பி' என்று இன்று காலை அவர் அனுப்பிய கோப்பில் முடிவுரை ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது: 'மேற்படி நிலத்தில் தொல்லியல் முக்கியத்துவம் வாய்ந்த எச்சங்கள் எவையும் காணப்படவில்லை.' ஊர்ப் பெயரைக்கூட மாற்றவில்லை. மூன்று வருடத்துக்கு முன்பு ஓசூர்ப் பக்கம் அவர் பார்த்த, அல்லது பார்க்காத, ஏதோ ஒரு நிலத்தின் பெயர் அப்படியே நிற்கிறது. நான் அதை அழித்துவிட்டுக் கொழிஞ்சிப்பாளையம் என்று அடிக்க வேண்டும். அதற்கு ஒரு முதுகலைப் பட்டம், பத்து நாள், காங்கயத்தில் ஒரு லாட்ஜ் அறை.

நிலம் முப்பத்தெட்டு ஏக்கர். ஆறு வருடத்துக்கு முன்புவரை சோளமும் கடலையும் விளைந்த புன்செய். இப்போது சரக்குக் கிடங்குகள் வரப்போகின்றன. கடன் கொடுக்கும் வெளிநாட்டு வங்கி, 'அந்த மண்ணில் பழைய பொருள் ஏதும் இல்லையே?' என்று ஒரு காகிதம் கேட்கிறது. அவர்கள் நாட்டில் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய் வைத்த பிறகு வந்த நாகரிகம் அது. அந்தக் காகிதத்தைச் செய்து கொடுப்பதுதான் ஞானசிகாமணி நடத்தும் எங்கள் நிறுவனத்தின் தொழில்.

லாட்ஜ் தலையணையில் எண்ணெய் வாசனை. துண்டை விரித்துப் படுக்க வேண்டும்.

பிப்ரவரி 4, செவ்வாய்

நிலத்தை விற்ற பொங்கியண்ணன் காரில் வந்திருந்தார். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். கைகொடுத்துவிட்டு முதல் கேள்வி:

"தம்பிக்கு எந்த ஊருங்க?"

"அரியலூர்."

"அரியலூருன்னா எந்தப் பக்கமுங்க?"

"பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம்."

சிரித்தார். அவருக்கு வேண்டிய பதில் கிடைக்கவில்லை. இன்னும் இரண்டு கேள்விகளில் வேறு வழியாக வருவார் என்று எனக்குத் தெரியும். அதற்குள் கயிற்றை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டேன்.

முள் வெட்டக் காலனியிலிருந்து மூன்று பேர். இரண்டு ஆண்கள், எந்நேரமும் போன் பார்க்கிறார்கள். மூன்றாவது மாராத்தாள் என்ற அம்மா, ஐம்பத்தைந்து வயதிருக்கும். அரிவாள் அவர் கையில் இருக்கும்போதுதான் வேலை நகர்கிறது. என்னைச் 'சாமி' என்றார். அப்படிக் கூப்பிட வேண்டாம் என்றேன்.

"அப்பறம் எப்புடிக் கூப்பிடறதுங்க சாமி?"

"பேர் சொல்லுங்க. திருமாறன்."

"அது வாயில வராதுங்க. கண்ணுன்னு கூப்பிடறேன்."

வேலை இதுதான்: நிலத்தைக் கயிறு கட்டிச் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்திலும் குனிந்து நடந்து, மேலே கிடக்கும் பழைய பானை ஓடுகளை எண்ணிக் குறிப்பது. எங்கே எண்ணிக்கை கூடுகிறதோ அங்கே கீழே ஏதோ இருக்கிறது. இந்த ஓடுகளைச் சில்லு என்கிறார்கள் இங்கே. பத்திரத்தில் வெறும் எண்ணாக இருக்கும் இந்த நிலத்துக்கு ஊரில் சில்லுக்காடு என்று பெயர். பெயரைக் கேட்ட மாத்திரத்தில் நான் அங்கேயே உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும். இது பிறகு சேர்த்த வரி.

பிப்ரவரி 5, புதன்

வெயில். முள். இருபத்திரண்டு சதுரம், மொத்தம் முப்பது சில்லு. உள்ளங்காலில் முள் ஒடிந்து நிற்கிறது.

பிப்ரவரி 7, வெள்ளி

கிடைத்துவிட்டது.

தென்மேற்கு மூலையில் இருபது சென்ட் அளவுக்கு ஒரு மேடு. கருவேலத்தை வெட்டி எறிந்ததும் தரை முழுக்கச் சில்லு. ஒரே சதுரத்தில் நானூற்றுப் பன்னிரண்டு. உள்ளே கறுப்பு வெளியே சிவப்பு, வழுவழுவென்று, இரும்புக் காலத்துப் பானை. ஒன்றில் மீன் முள் மாதிரிக் கீறல். நடுநடுவே செதுக்காத கற்கள் நட்டபடி நிற்கின்றன. சிதைந்த கல்வட்டமாக இருக்கலாம் என்று குறித்துக்கொண்டேன்.

படம் எடுத்து எங்கள் கல்லூரி பேட்ச் வாட்ஸப் குழுவில் போட்டேன். வங்கித் தேர்வு எழுதிப் போனவன்களெல்லாம் வாயைப் பிளந்தார்கள். பேராசிரியர் கைதட்டல் அனுப்பினார். இரண்டு வருடமாக அவர் என் எந்தச் செய்திக்கும் பதில் போட்டதில்லை.

மூன்று பேரையும் உட்கார வைத்துச் சொன்னேன். இது மூவாயிரம் வருடத்துப் பொருள், இந்த மேட்டை இனி யாரும் தொட முடியாது, சுற்றிக் கம்பிவேலி வரும்.

மாராத்தாள் கேட்டார்: "மிசினு உள்ள வராதுங்களா?"

"வராது."

"காட்டுக்காரரு சொன்னாலும்?"

"யார் சொன்னாலும்."

"எத்தன வருசத்துக்குங்க?"

"எப்போதைக்கும்."

முதல்முறையாகச் சிரித்தார். அறிவியலுக்கு இந்த நாட்டில் கிடைத்த ஒரே மரியாதை அந்தச் சிரிப்பு. மதியம் எனக்கும் சேர்த்துக் களி கொண்டுவந்திருந்தார்.

பிப்ரவரி 8, சனி

ஞானசிகாமணி போனில் குதூகலம். திட்டம் நிற்குமே என்று பதறுவார் என எதிர்பார்த்தேன்.

"ஒரு மூலை கெடைச்சது நல்லதுதான் தம்பி. ஒண்ணுமே இல்லன்னு எழுதினா பேங்க்காரன் சந்தேகப்படுவான். இருபது சென்ட்டை வேலி போட்டுக் குடுத்திருவோம். ஒரு போர்டு வைப்போம், நாலு செடி வைப்போம். மிச்சம் முப்பத்தேழே முக்கால் ஏக்கர் சுத்தம்."

"மேட்டுல ஒரு சோதனைக் குழி போடணும் சார்."

"போடுங்க. ஒரே குழி. போட்டோ நல்லா வரணும்."

மனிதருக்குக் கடந்த காலம் என்பது வரவேற்பறையில் வைக்கும் பூந்தொட்டி.

பிப்ரவரி 10, திங்கள்

பொங்கியண்ணன் மறுபடி வந்தார். அவருடைய வாட்ஸப் நிலைத்தகவலில் 'தமிழன் என்று சொல்லடா' வகையறாவில் ஒரு படம், பானையும் வாளும். மேட்டைப் பார்த்தபடி தணிந்த குரலில் கேட்டார்: "ஏனுங்க தம்பி, பானை கெடச்சா வேல நின்னு போகுங்களா? கம்பெனிக்காரன் எங்கிட்டத் திரும்பி வந்துருவானுங்களா?"

"மூவாயிரம் வருசப் பெருமைங்க உங்க காடு," என்றேன்.

"பெருமதானுங்க. ஆனா பத்திரம் முடிஞ்சுபோச்சு பாருங்க."

மாராத்தாள் அவரைப் பார்த்ததும் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றார். பொங்கியண்ணன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். வேலைக்கு யாரும் வரவில்லை. சாலை முழுக்கப் பழநிக்கு நடப்பவர்கள், காவடி, ஸ்பீக்கர் கட்டிய மினி லாரி. ஒரு லட்சம் பேர் நடக்கிறார்கள், ஒருவர்கூடத் தரையைப் பார்ப்பதில்லை. சட்டை துவைத்தேன். முள்ளை எடுத்தேன்.

பிப்ரவரி 12, புதன்

எழுதவே கை கூசுகிறது. எழுதுகிறேன்.

காலையில் குழிக்குக் கயிறு கட்டினேன், ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர். ஆண்கள் இருவரும் மம்மட்டியைத் தொட மறுத்தார்கள். ஒருவனுக்குக் காய்ச்சலாம், இன்னொருவன் வெளிக்குப் போனவன் வரவில்லை. மாராத்தாளுக்கு இடுப்புப் பிடித்திருக்கிறதாம். சோம்பேறிகள் என்று வாய்விட்டே சொன்னேன். நானே தோண்டினேன். சில்லு, சில்லு, சில்லு. இரண்டு அடிக்குக் கீழே, இரும்புக் காலப் பானைகளுக்கு அடியில், பல்பொடி பாக்கெட். சிவப்பு எழுத்து மங்கக்கூட இல்லை. அதற்குப் பக்கத்தில் நீல நைலான் கயிறு.

மேலே இருப்பது மூவாயிரம் வருடம், கீழே இருப்பது பல்பொடி. அப்படியென்றால் மேலே இருப்பதை யாரோ பிறகு கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள். முதலாண்டு மாணவனுக்குத் தெரியும் இது.

இன்னும் ஆழமாகப் பார்க்கலாம் என்று மம்மட்டியை ஓங்கினேன். மாராத்தாள் வந்து குழியின் விளிம்பில் உட்கார்ந்து இரண்டு காலையும் உள்ளே தொங்கவிட்டார்.

"இனி வெட்டறதுன்னா எங்காலு மேலதான் வெட்டோணும்."

"எழுந்திரிங்கம்மா."

"இதுக்குக் கீழ எங்கூட்டுக்காரரு இருக்காரு, கண்ணு. மேல ஏறு."

பிப்ரவரி 13, வியாழன்

அவர் சொன்னது முழுவதும்.

வருடா வருடம் சித்திரையில் உழவுக்கு முன்னால் காட்டில் சில்லுப் பொறுக்குவது காலனிப் பெண்களின் வேலை. பொறுக்காவிட்டால் மாட்டின் காலைக் கிழிக்கும், கடலைக்கு வேர் இறங்காது. கூடை கூடையாகப் பொறுக்கிக் கொண்டுபோய் தென்மேற்கு மூலையில் கொட்டுவார்கள். அவருடைய மாமியார் கொட்டினார், மாமியாரின் மாமியார் கொட்டினார். அந்த மூலையில் ஏர் போகாது.

பதினெட்டு வருடத்துக்கு முன் பொங்கியண்ணன் கிணற்றை ஆழப்படுத்தினார். மண் சரிந்தது. கீழே இருந்தவர் மாராத்தாளின் கணவர் ராயன். ஐப்பசி மழை. காலனிச் சுடுகாடு ஓடைக்கரையில் இருந்தது, ஓடை இரண்டு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது.

"காட்டுக்காரரு வந்து, 'அந்தச் சில்லு மூலையில வெச்சுக்கங்க, அது ஒழவுக்கு ஆகாத எடந்தான'ன்னாரு. ரெண்டு நாளு கழிச்சு எடுத்த ஒடம்புங்க. எங்கயாச்சும் வெச்சாப் போதும்னு வெச்சோம். அப்பறம் ஓடையில சுடுகாடு கரைஞ்சு போச்சு. எல்லாரும் இங்கயே வெச்சாங்க. மொத்தம் பதினஞ்சு பேரு. மேல சில்லக் கொட்டிக்கிட்டே இருந்தோம். நாயி தோண்டாது பாருங்க."

காகிதம்?

"வாயில சொன்னதுதான்."

நான் கல்வட்டம் என்று குறித்த கற்கள் தலைமாட்டுக் கற்கள்.

பொங்கியண்ணனைக் கிணற்றில் இறக்க வேண்டும். இது என் தனிப்பட்ட கருத்து. ஆனால் மாராத்தாள் மீதும் எனக்குக் கோபம் குறையவில்லை. ஐந்து நாள். மேட்டின் மேல் நின்று நான் பாடம் எடுத்ததை ஐந்து நாள் கேட்டுக்கொண்டிருந்தார். 'வேலி வரும்' என்று நான் சொன்னதும் வாயை மூடிக்கொண்டார். பேராசிரியர் கைதட்டல் அனுப்பியிருக்கிறார்.

"ஏன் முதல்லயே சொல்லல?"

"சொல்லியிருந்தா வேலி வருமுங்களா?"

மாலையில், கிளம்பும்போது, கையைப் பிடித்துக்கொண்டார். "அது பழசுன்னே எழுதிப்போடு, கண்ணு. நீயாத்தான் சொன்ன, பழசுன்னு. நானா சொல்லல."

"பொய் எழுத மாட்டேன்மா."

கையை விட்டார். அப்புறம் சொன்னார்: "சில்லு எங்கிருந்து பொறுக்குனோம்னு எனக்குத் தெரியும். மொதப் பானையெல்லாம் எங்க இருக்குதுன்னும் தெரியும். நாளைக்குக் காட்டறேன். நாங் காட்டறத நீ எழுதிக்க. இத அப்புடியே வுட்டுரு."

"பார்க்கலாம்," என்றேன்.

பார்க்கலாம் என்றுதான் சொன்னேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

கிணற்றிலிருந்து வேம்புக்கு எண்பது தப்படி. அங்கிருந்து கிழக்கே. மாராத்தாள் எண்ணி நடந்து காலால் ஒரு வட்டம் போட்டார்.

"சோளம் வெதச்சா இங்க மட்டும் வட்டமா ஒசந்து நிக்கும். மத்தது முழங்காலு, இது இடுப்பு. அடியில பெரிய பானை இருக்குது, ஈரம் புடிச்சு வெச்சிருக்கும்."

கரண்டியால் சுரண்டினேன். அரை அடியில் முதுமக்கள் தாழியின் வாய் விளிம்பு. கை அகலக் கனம், வில் மாதிரி வளைந்து மண்ணுக்குள் போகிறது. என் சதுரங்களில் இந்த இடத்துக்கு எதிரே எழுதியிருப்பது: பூஜ்யம். நூறு வருடமாகப் பெண்கள் பொறுக்கிச் சுத்தம் செய்த இடத்தில் நான் சில்லு எண்ணியிருக்கிறேன்.

பதினோரு வட்டம் காட்டினார். மூன்றைச் சுரண்டினேன், மூன்றிலும் விளிம்பு. படம், அளவு, இருப்பிடம் எல்லாம் எடுத்தேன். முப்பத்தெட்டு ஏக்கரும் ஈமக்காடு. இந்த வட்டாரத்தில் இதுவரை யாரும் பதிவு செய்யாதது. நான்தான் முதலில்.

போகும்போது, "நாங் காட்டிப்போட்டேன்," என்றார்.

தலையாட்டினேன்.

பிப்ரவரி 17, திங்கள்

அறிக்கை. மூன்றாம் பிரிவு மேட்டைப் பற்றி, நான்காம் பிரிவு வயலைப் பற்றி. மூன்றாம் பிரிவில் நேர்மையாக எழுதினேன்: 'தென்மேற்கு மூலையிலுள்ள மேடு அண்மைக் காலத்தில் கொட்டப்பட்ட கழிவுக் குவியல். அதற்குத் தொல்லியல் மதிப்பு ஏதுமில்லை.' இது உண்மை. குவியலைத் தொல்லிடம் என்று எழுதினால் நாளைக்கு எவனாவது வந்து ஒரு குழி போட்டுப் பல்பொடி பாக்கெட்டைத் தூக்கிக் காட்டுவான். அப்புறம் என் பதினோரு தாழியையும் எவனும் நம்ப மாட்டான்.

நான்காம் பிரிவு பன்னிரண்டு பக்கம். வேலையை நிறுத்த வேண்டும், முழு அகழாய்வு வேண்டும். தகவல் தந்தவர் என்ற இடத்தில் 'உள்ளூர்த் தொழிலாளி ஒருவர்' என்று போட்டேன், வழக்கம் அப்படித்தான். கல்லறைகளைப் பற்றியும் நான்காம் பிரிவின் கடைசியில் ஒரு வரி இருக்கிறது. படிவத்தில் நூறு வருடத்துக்கு மேற்பட்டவற்றுக்கு மட்டும்தான் கட்டம் உண்டு. நான் என்ன செய்ய?

பேட்ச் குழுவில் 'மேடு இரண்டாம்நிலைக் குவியல், அசல் தளம் வயலில்' என்று திருத்தம் போட்டுவிட்டேன். பேராசிரியர், 'அருமை, உன் நேர்மை பிடித்திருக்கிறது' என்றார்.

பிப்ரவரி 20, வியாழன்

அனுப்பிவிட்டேன். லாட்ஜைக் காலி செய்தேன். சில்லு மூட்டைகளைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் போட்டு வைத்திருக்கிறேன்.

மார்ச் 3, திங்கள்

இறுதி அறிக்கை வந்தது. இருபத்தாறு பக்கம் அனுப்பினேன், பதினான்கு பக்கம் திரும்பி வந்திருக்கிறது. நான்காம் பிரிவு இல்லை. மூன்றுக்கு அடுத்து ஐந்து என்று எண் போட்டிருக்கிறார்கள், அதைத் திருத்தும் வெட்கம்கூட இல்லை. முடிவுரையில் ஓசூர்க் கோப்பின் அதே வரி. ஊர்ப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

போன் செய்தேன்.

"பன்னெண்டு பக்கம் எங்க சார்?"

"அதெல்லாம் வாய்வழித் தகவல் தம்பி. ஒரு கூலிக்கார அம்மா காலால வட்டம் போட்டான்னு பேங்க்குக்கு எழுத முடியுமா?"

"தாழி விளிம்பு படம் இருக்கே."

"பானை ஒடஞ்சது எந்தக் காட்டுல இல்ல? உங்க வரி ஒண்ணக்கூட நான் மாத்தல. சிலத எடுத்தேன், அவ்வளவுதான். மூலைய வேலி போட்டுக் குடுத்திருவோம்னு நான்தான் சொன்னேன். கழிவுக் குவியல்னு எழுதினது நீங்க. இப்ப அந்த இருபது சென்ட்டும் கம்பெனிக்கு மிச்சம். ரொம்ப சந்தோஷம் அவங்களுக்கு."

"என் பேரை எடுத்துருங்க."

"முதல் பக்கத்துல போட்டிருக்கேன் தம்பி. மின்னஞ்சல்ல எழுதிக் கேளுங்க, எடுத்துரலாம்."

எழுதினேன். நல்ல காட்டமான கடிதம், இரண்டு பக்கம்.

மார்ச் 6, வியாழன்

கடிதம் இன்னும் வரைவில்தான் இருக்கிறது. அனுபவச் சான்றிதழ் வந்த பிறகு அனுப்புவதுதான் புத்திசாலித்தனம். கோபத்தில் வேலையைக் கெடுத்துக்கொள்பவர்களை எனக்குப் பிடிக்காது.

மார்ச் 14, வெள்ளி

சான்றிதழ் வந்தது. 'நேர்மையும் கடமையுணர்வும் மிக்கவர்.'

மார்ச் 19, புதன்

சில்லு மூட்டைகளை அருங்காட்சியகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று கொழிஞ்சிப்பாளையம் போனேன். பஞ்சாயத்து அலுவலகத்தில் மூட்டைகள் இல்லை. கதவோரம் பள்ளமாக இருந்ததாம், கொட்டி நிரப்பிவிட்டார்கள். அதன் மேல் செருப்புகள் கிடந்தன.

காட்டைப் பார்க்காமலே திரும்பியிருக்கலாம். பேருந்து நிறுத்தத்திலிருந்தே தெரிந்தது. வேம்பு இல்லை. தரை கண்ணுக்கு எட்டிய மட்டும் ஒரே மட்டம், செம்மண், ரோலர் ஓடிய தடம். மூலை இருந்த இடத்தில் நான்கு டிப்பர்கள் நின்றன. மேட்டு மண்ணை நெடுஞ்சாலைக்கு நிரப்புமண்ணாக ஏற்றிப் போய்விட்டார்களாம், டீக்கடையில் சொன்னார்கள். எந்த இடத்துக்கு என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

மாராத்தாள் நிறுத்தத்துக்கு வந்தார். யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். மூச்சு வாங்கியது. திட்டுவார் என்று நினைத்தேன். நிழற்குடைக்கு வெளியே, வெயிலில் நின்றுகொண்டார்.

"வாங்க சாமி," என்றார்.

கண்ணு என்று கூப்பிடவில்லை.

"இதுக்குக் காரணம் மேலே இருக்கிறவங்கம்மா," என்றேன். "நான் பன்னிரண்டு பக்கம் எழுதினேன். நீங்க காட்டின எல்லாத்தையும் எழுதினேன். அவங்க கிழிச்சுட்டாங்க. மோசடிக்காரங்க."

"எம்பட பேரு போட்டீங்களா அதுல?"

"அப்படிப் போடற வழக்கம் இல்ல."

"சரிங்க."

"உங்க வீட்டுக்காரரைப் பத்தியும் ஒரு வரி இருந்துச்சு."

"அந்தக் காயிதந்தான் கிழிஞ்சு போச்சுன்னீங்க. கிழியாதது ஒண்ணு இருக்குதாமுல்ல. மிசினு வந்தன்னைக்குக் குறுக்க போயி உக்கோந்தேன். காட்டுக்காரரு போன்ல தொறந்து காட்டுனாரு. 'அந்தத் தம்பியே எழுதிக் குடுத்துட்டாரு பாரு மாராத்தா, அவரு பேரே போட்டிருக்குது பாரு, எந்திரி'ன்னாரு. என்ன எழுதியிருக்குதுன்னு கேட்டேன். உனக்குப் புரியாதுன்னு போயிட்டாரு."

பை என் மடியில் இருந்தது. அறிக்கையின் பிரதியும் சான்றிதழும் அதில்தான்.

தாராபுரம் பேருந்து வந்து நின்றது. நான் எழுந்தேன். அவர் வழியை மறிக்கவில்லை, கையைப் பிடிக்கவில்லை. படிக்கட்டில் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். அவர் சுற்றிவந்து ஜன்னலுக்குக் கீழே நின்று, நடத்துனர் விசில் ஊதுவதற்குள், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"எங்கூட்டுக்காரர என்னன்னு எழுதிப்போட்டீங்க சாமி? அந்த ஒரு வரிய வாசிச்சுக் காட்டிப்போட்டுப் போங்க."